விழுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட வளைவு

'தோல் தொழிலாளர் பாதுகாப்பு விழிப்புணர்வு அசைபடப் பேரவை' என்ற பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு அங்கே உடனே வேலை கிடைக்கும் என்று ஆம்பூரில் ஒரு பேச்சு உண்டு. அக்சாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் அவளை வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்கு முன் அவள் வாணியம்பாடியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் பத்திரிகைப் படங்கள் செய்துகொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் வருமே, ரோஜா இதழ்கள் கொட்ட, இரண்டு பெயர்கள் மின்ன, பின்னால் நாதஸ்வரமோ சர்ச் மணியோ கேட்க, அந்த மாதிரிப் படங்கள்.

பேரவை, நெடுஞ்சாலை ஓரத்தில் மூடிப்போன ஒரு ஷூ கம்பெனிக் கட்டடத்தில் இருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் விபத்தைக் குறைக்க, தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரிச் சின்னச் சின்ன கார்ட்டூன் படங்கள் எடுப்பது அதன் வேலை. வாசலில் பளிங்குக் கல்லில் அப்படித்தான் வெட்டியிருந்தது. கல்லில் வெட்டியதை மறுபடி செய்வானேன் என்று நினைத்தார்களோ என்னவோ, உள்ளே வேறு வேலைகள் நடந்தன. காலையில் எல்லோரும் வரிசையில் நின்று நெஞ்சில் கை வைத்து, "மிருதுவாக அசைவோம், மிருதுவாகவே அசைப்போம்" என்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு டீ வரும். டீ கொண்டுவருபவரும் மிருதுவாகவே வருவார், அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

இந்த உறுதிமொழிக்கு ஒரு வரலாறு உண்டு. பேரவையின் முதல் படம் ஹெல்மெட் அணிவது பற்றியது. திரையில் ஹெல்மெட் மேலிருந்து சர்ரென்று இறங்கித் தொழிலாளியின் தலையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தது. ஆனால் முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர் அது தன் தலையில்தான் விழப்போகிறது என்று எண்ணி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டார். அந்தப் போட்டோ நாட்றம்பள்ளி முதல் மேல்விஷாரம் வரை எல்லோருடைய போனிலும் சுற்றியது. மறுவாரமே 'வளைவு ஒழுங்குக் குழு' பிறந்தது. இனிமேல் பேரவையின் படங்களில் ஒரு இமை அசைவதாக இருந்தாலும் அதன் வளைவு குழுவின் முன் வைக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும்.

வளைவு என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கார்ட்டூன் செய்கிற மென்பொருளில், ஓர் ஆள் இந்த இடத்தில் நிற்கிறான், பிறகு அந்த இடத்தில் கிடக்கிறான் என்று இரண்டு முனைகளை மட்டும் நாம் சொன்னால் போதும். நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். வேகமாக நிரப்புவதா, தயங்கித் தயங்கி நிரப்புவதா என்று அதற்குச் சொல்வது கிராஃபில் ஓடும் ஒரு கோடு. கோட்டின் இரு முனையிலும் சின்னக் கைப்பிடிகள் இருக்கும். மவுசால் பிடித்து இழுத்தால் கோடு வளையும். கோடு செங்குத்தானால் ஆள் பொத்தென்று விழுவான். கோடு படுத்தாற்போல் நெளிந்தால் ஆளும் படுத்தாற்போல் நெளிவான். அவ்வளவுதான். இதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு சுழல் நாற்காலி.

தலைவர் ஆதிகேசவன். தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் மேசை போட்டு, தோலை விரித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தே வாழ்நாளைக் கழித்தவர். தோலுக்கு அது சரி. ஆனால் உலகத்தில் எதையும் கட்டைவிரலால் தடவித் தரம் சொல்லிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. அந்த மேசையைப் பேரவைக்கே கொண்டுவந்து வடக்கு ஜன்னலோரம் போட்டிருந்தார். அக்சா ஒவ்வொரு வளைவையும் பெரிய தாளில் அச்சடித்து அந்த மேசையில் விரிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டுவார்.

"இங்க கொஞ்சம் சொரசொரன்னு இருக்குதே?" என்பார்.

"இங்க் காயல சார்" என்பாள் அக்சா.

உறுப்பினர் செயலர் ராமமூர்த்தி, 'தலைவர் சொரசொரப்பைக் கண்டறிந்தார்' என்று உடனே எழுதிக்கொள்வார். தலைவர் விரலில் மை ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கக்கூட மாட்டார். உழைத்த கை என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று மேசை மேல் வைத்தபடி இருப்பார்.

இந்த நிலையில்தான் கழிவுத் தொட்டிப் படம் அக்சாவிடம் வந்தது. மற்ற படங்கள் எப்படிப் போனாலும் அவள் கவலைப்படவில்லை. இந்தப் படத்துக்காக அவள் கடவுளிடம் நன்றி சொன்னாள்.

காரணம் அவளுடைய அண்ணன் ஐசக். பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்கிற ஒப்பந்த ஆள். கூட வேலை செய்பவன் ஷோயப். பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்த். ஒருவன் இறங்கினால் மற்றவன் மேலே நிற்பான். தொட்டியின் அடியில் சேறு, சேற்றுக்குள் வாயு. இறங்கியவன் ஒரு மூச்சு இழுத்தால் அப்படியே விழுவான். மேலே நிற்பவன் அவனைத் தூக்க இறங்குவான், அவனும் விழுவான். இந்த மாதிரிச் செய்திகள் பேப்பரில் வரும்போது ஒரு பெயரோடு நிற்பதே இல்லை.

"ஷோயப் பாய் உள்ள விழுந்தா நீ இன்னா பண்ணுவ?" என்று அக்சா ஒருநாள் கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? எறங்குவேன்" என்றான் ஐசக்.

"எறங்குனா நீயும் விழுவ. மிஷின் வச்சி காத்த வெளிய தள்ளிட்டுதான் எறங்கணும்."

"மிஷினு எங்க இருக்குது? கேட்டா அடுத்த மாசம்ன்றாங்க. அவன் கீழ கெடக்கறப்ப நான் மேல நின்னு வேடிக்க பாக்கவா? மூச்ச புடிச்சிக்கினு எறங்கி ஒரே தூக்கா தூக்கிடலாம், பாப்பா. எவனும் அவ்ளோ சீக்கிரமா விழுந்துட மாட்டான்."

அங்கேதான் அவன் தப்புக்கணக்குப் போட்டிருந்தான். விழ நேரமாகும் என்று நினைத்தான். தங்கச்சி சொன்னால் கேட்கிற அண்ணன் எந்த ஊரிலும் கிடையாது. படத்தில் பார்த்தால் நம்புவான். ஆகவே இந்தப் படத்தில் ஒரே ஒரு விஷயம் சரியாக இருந்தால் போதும் என்று அக்சா முடிவு செய்தாள். தொட்டிக்குள் இறங்கியவன் விழுகிற வேகம்.

படத்தில் ஒருவன் ஏணியில் இறங்குகிறான், விழுகிறான். இரண்டாமவன் ஓடிவந்து எட்டிப் பார்க்கிறான், இறங்குகிறான், விழுகிறான். அவளுடைய வளைவு மலை விளிம்பு மாதிரி இருந்தது. சற்று தூரம் சமமாக ஓடி, அங்கிருந்து நேராகக் கீழே. அதைப் போட்டுக் காட்டியபோது குழு அதிர்ந்தது.

"ஏம்மா, இன்னாம்மா இது? பொத்துனு விழுந்துட்டான்?" என்றார் ஆதிகேசவன்.

"வாயு பட்டா அப்டித்தான் சார் விழுவாங்க."

"விழட்டும். விழ வேணாம்னு யாரு சொன்னது? அதுக்கு ஒரு முறை இல்லையா? தாள எடு, பாக்கலாம்." மேசையில் விரித்தார்கள். அவர் விரல் சமமாகப் போய், விளிம்பில் சடாரென்று கீழே இறங்கியது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். "முரடு! ரொம்ப முரடு. இத தோலா கொண்டாந்திருந்தா தூக்கி வெளிய போட்டிருப்பேன்."

மூன்றாவது உறுப்பினர் ஜெயபுஷ்பம் மேடம், ஒரு பெரிய ஷூ கம்பெனியில் மனிதவள அதிகாரி. யாரையாவது வேலையைவிட்டு நீக்கும்போது தானே கண்ணீர் விட்டு, நீக்கப்பட்டவரைத் தனக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடும் திறமை அவருக்கு உண்டு. "எனக்கு அந்த வார்த்தையே உறுத்துதும்மா. 'விழுதல்'னு போடாதீங்க. 'கிடைநிலைக்கு மாறுதல்'னு போடுங்க. ஒர்க்கர்ஸுக்கு நெகட்டிவா எதுவும் போகக் கூடாது" என்றார்.

ராமமூர்த்தியின் கவலை வேறு. "சார், கோடு கீழ எறங்குது. ஆண்டறிக்கைல இத எப்டி போடுறது? நம்ம பேரவை ஆரம்பிச்சதுலருந்து எந்தக் கோடும் கீழ எறங்குனது இல்ல."

"சார், அது ஆளோட உயரம். விழுந்தா உயரம் கம்மியாகத்தானே செய்யும்?" என்றாள் அக்சா.

"அப்ப உயரத்த ஏன் அளக்குறீங்க? வேற எதையாவது அளங்க. தரைக்கும் அவனுக்கும் உள்ள நெருக்கத்த அளங்க."

கொடுமை என்னவென்றால், கணக்குப்படி அது சரி. ஆள் விழ விழத் தரையோடு அவனுடைய நெருக்கம் ஏறிக்கொண்டே போகும். அக்சா கோட்டைத் தலைகீழாக்கினாள். கோடு கம்பீரமாக மேலே ஏறியது. மூவரும் கை தட்டினார்கள்.

அதன் பிறகு மிருதுவாக்கும் பணி தொடங்கியது. ஒவ்வொரு கூட்டத்திலும் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னார்கள். திரையில் அந்த மனிதன் முதலில் தள்ளாடினான். அடுத்த கூட்டத்தில் யோசித்தான். அதற்கடுத்த கூட்டத்தில் முட்டி மடக்கி, தரையில் கை ஊன்றி, மத்தியான பிரியாணி முடிந்து பாய் விரித்தவன்போலச் சாய்ந்தான். ஒரு கட்டத்தில் கைப்பிடியை அளவுக்கு மீறி இழுத்ததில் கோடு உச்சியைத் தாண்டி வளைந்து மறுபடி இறங்கியது. அப்படியானால் ஆள் தரைக்குள் கொஞ்சம் அமுங்கி மேலே வருவான். அக்சா அதைத் திருத்தப் போனாள்.

"தொடாதீங்க!" என்று ராமமூர்த்தி கத்தினார். "நூறு சதவீதத்தத் தாண்டிடுச்சி பாருங்க! இலக்கத் தாண்டிட்டோம்!"

"சார், அவன் மண்ணுக்குள்ள போறான்."

"போய்ட்டு வர்றான் இல்ல? அப்பறம் இன்னா?"

ஆதிகேசவன் அந்த வளைவை நீண்ட நேரம் தடவினார். அவர் கண் கலங்கியது. "முதல் தரம்" என்றார். தாளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அத்தோடு ஒரு தீர்மானமும் வந்தது. இவ்வளவு உயர்ந்த வளைவை ஒருவன் படுப்பதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண். படத்தில் அசைகிற எல்லாமே இந்த ஒரே வளைவில்தான் அசைய வேண்டும். முதல் ஆளும், இரண்டாம் ஆளும், ஏணியும், அபாய விளக்கும், கடைசியில் வரும் 'நன்றி'யும். ஆளுக்கொரு வளைவு இருந்தால் ஒழுங்கு கெட்டுவிடுமாம். அக்சா எல்லா அசைவையும் ஒரே கோட்டில் கட்டினாள். இப்போது அந்தக் கோட்டைத் தொட்டால் படம் முழுக்க மாறும். அபாய விளக்கு கொட்டாவி விடுகிற மாதிரி மின்னியது.

"சார், எங்க அண்ணன் அந்த வேலதான் செய்றாரு" என்று அவள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இத பாத்துட்டு அவரு, நேரம் இருக்குது, எறங்கலாம்னு நெனச்சிட்டாருன்னா?"

"உங்க அண்ணன் தனிநபர்மா" என்றார் ஆதிகேசவன். "வளைவு பொதுச்சொத்து."

ஜெயபுஷ்பம் மேடம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அக்சாதான் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் ஐசக்கும் ஷோயப்பும் நின்றிருந்தார்கள். அக்சா போனில் படத்தைக் காட்டினாள். காட்டாமல் இருந்திருக்கலாம். யாராவது ஒருவராவது இதைப் பார்த்துத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஷோயப் சிரித்தான். "இன்னாடா, மெத்த மேல படுத்த மாதிரி குலுங்குறான்?"

"நல்லாத்தான் இருக்குது பாப்பா" என்றான் ஐசக். பிறகு கொஞ்சம் யோசித்து, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல? அவன் சாயறதுக்குள்ள நான் ரெண்டு தடவ எறங்கி ஏறிடுவேன். ஆபீஸ்ல படிச்சவங்களே ஒத்துக்கினாங்க பாரு" என்றான்.

"நீ எறங்கு, நான் கயிறு போடறேன். நீ விழுந்தா நான் எறங்கறேன்" என்றான் ஷோயப். நாளைக்கு யார் வண்டி எடுத்துவருவது என்று பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணப் பத்திரிகை செய்துகொண்டிருந்த காலத்தில் அக்சா யாரையும் கொன்றதில்லை. இப்போது மூன்று பெரிய மனிதர்களின் ஒப்புதலோடு தன் அண்ணனைத் தானே தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள்.

வெளியீட்டு விழா ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொழிற்சாலைகளிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம். ஐசக்கும் ஷோயப்பும் நடு வரிசையில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று வீட்டுக்கு.

ரிப்பன் வெட்டுவது பழைய முறை என்று குழு முடிவு செய்திருந்தது. மேடையில் பெரிய திரை, அதில் அக்சாவின் லேப்டாப்பிலிருந்து வளைவு நேரடியாகத் தெரியும். சிறப்பு விருந்தினர் மவுசைப் பிடித்து, வளைவின் கைப்பிடியை மயிரிழை அளவு அசைத்துத் தொடங்கிவைப்பார். அவர் கையாலேயே வளைவு பூர்த்தியானதாக வரலாறு சொல்லும். பிறகு அப்படியே படம் ஓடும்.

முதலில் தலைவர் பேசினார். "ஒரு தொழிலாளி எப்படி விழுகிறான் என்பதில்தான் ஒரு தொழிலின் கண்ணியம் இருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் தொழிலாளி பொத்தென்று விழுந்தால் அவர்கள் நம் தோலைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அவன் விழுவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். தடுப்பது நம் பேரவையின் நோக்கங்களில் இல்லை. ஆனால் அவன் அழகாக விழுவதை நம்மால் உறுதி செய்ய முடியும். செய்திருக்கிறோம்!"

கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து மவுசைப் பிடித்தார். போட்டோக்காரர்கள் சூழ்ந்தார்கள்.

"சார், இங்க பாருங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கை மட்டும் மவுசில் இருந்தது.

"இன்னொரு தடவ சார். கைய அசைச்ச மாதிரி."

அசைத்தார். திரையில் கைப்பிடி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். இந்தப் பக்கத்துப் போட்டோக்காரர் கேட்டார், அந்தப் பக்கத்துப் போட்டோக்காரர் கேட்டார். அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு இழுப்பு இழுத்தார். முதல் தர வளைவு நெளிந்தது, நிமிர்ந்தது, கடைசியில் செங்குத்துச் சுவர் மாதிரி நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்சா கவனித்தாள்.

அது அவளுடைய முதல் வளைவு. அதைவிடக் கொஞ்சம் கூடுதல் முரடு.

இரண்டு விரலால் அதைப் பழையபடி ஆக்கிவிடலாம். விரல்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின. அப்போது நடு வரிசையில் ஷோயப் தன் கையிலிருந்த மிக்சரில் முந்திரியைப் பொறுக்கி ஐசக்கின் கையில் போடுவதைப் பார்த்தாள். ராமமூர்த்தி மேடையின் ஓரத்திலிருந்து, 'ஓடவிடு' என்று கை காட்டினார். மேலதிகாரி கை காட்டினால் கீழ்ப்படிய வேண்டும். அக்சா கீழ்ப்படிந்தாள்.

முதல் ஆள் ஏணியில் கால் வைத்தான். மேலே இருந்தான். கீழே கிடந்தான். நடுவில் எதுவும் இல்லை. இரண்டாம் ஆள் வெளியே இருந்தான், ஏணியில் இருந்தான், கீழே கிடந்தான். எல்லாமே ஒரே வளைவில் கட்டப்பட்டிருந்ததால் எதுவும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அபாய விளக்கு வெட்டியது. 'நன்றி' கன்னத்தில் அறைந்த மாதிரி வந்து நின்றது. மிக்சரை வாயில் போட்டவர்கள் மெல்லுவதற்குள் படம் முடிந்துவிட்டது.

"எங்கடா போனான்?" என்றான் ஷோயப். மண்டபத்தின் அமைதியில் அது மேடை வரை கேட்டது.

"கீழ" என்றான் ஐசக்.

"அதுக்குள்ளயா?"

ஐசக் ஷோயப்பின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் அக்சா இத்தனை நாள் வேலை செய்திருக்கிறாள். பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

ஆதிகேசவன் மைக்கைப் பிடுங்கினார். "இது தொழில்நுட்பக் கோளாறு! யாரும் பதற வேண்டாம். நம் பேரவையின் வளைவில் யாரும் இப்படி விழுவதில்லை. இனியும் விழ அனுமதிக்க மாட்டோம்!"

ஷோயப் எழுந்து நின்றான். "அப்ப தொட்டில நெஜமா எப்டி சார் விழுவாங்க?"

தலைவர் வாயைத் திறந்தார். மூடினார். "முறைப்படி" என்றார்.

மறுநாள் அக்சாவுக்கு மெமோ வந்தது. 'அங்கீகரிக்கப்படாத வேகத்தில் இரு நபர்களை விழச் செய்தமை' என்று குற்றச்சாட்டு. சிறப்பு விருந்தினரின் கையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. குழு கூடியது. எந்த வேகம் சரி என்பதைத் தரவுகளோடு நிரூபிக்கும்படி ராமமூர்த்தி கேட்டார். அப்படிக் கேட்டால் பதில் இருக்காது என்பது அவருடைய அனுபவம்.

"தொட்டுப் பாக்காம எதுக்கும் தரம் சொல்லக் கூடாதுன்னு தலைவர் அடிக்கடி சொல்வாரு சார்" என்றாள் அக்சா பணிவாக. "குழு ஒருதடவ தொட்டிகிட்ட வந்து பாத்துட்டா, அதுக்கப்பறம் நான் இன்னா எழுதிக் குடுக்கணுமோ எழுதிக் குடுத்துட்றேன்."

ஆதிகேசவனால் மறுக்க முடியவில்லை. அவருடைய கொள்கை சட்டம் போட்டு, வளைவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தது.

ஆய்வுக் குழு தொழிற்சாலைக்குக் காரில் வந்து இறங்கியது. மேனேஜர் சால்வை போட்டார். தொட்டியருகே மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். ஐசக்கும் ஷோயப்பும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு ஆள் கொஞ்ச தூரம் எறங்கி ஏறட்டும். எங்களுக்கு ஓர் ஐடியா கெடைக்கும்" என்றார் ஆதிகேசவன்.

மேனேஜர் ஐசக்கைப் பார்த்தார். ஐசக் அசையவில்லை.

"நாங்க படம் பாத்துட்டோம் சார்" என்றான்.

"அது தப்பான படம்யா!"

"அப்ப சரியான படத்துல இருக்கறவர எறங்கச் சொல்லுங்க" என்றான் ஷோயப். "எங்களுக்கு காத்து தள்ற மிஷினு வேணும். கயிறு வேணும், மூச்சு விடற டப்பா வேணும். இல்லன்னா இவனும் எறங்க மாட்டான், நானும் எறங்க மாட்டேன். எவன் எறங்குனாலும் காலப் புடிச்சி இழுப்போம்."

"இன்னா பேஜாரா போச்சு" என்றார் மேனேஜர்.

"கண்ணியமா பேசலாமே" என்று ஜெயபுஷ்பம் மேடம் கைக்குட்டையை எடுத்தார்.

"மூடியவாவது தெறந்து காட்டுங்க. வந்த வேலைய முடிச்சிட்டுப் போறோம்" என்றார் ராமமூர்த்தி.

அது நியாயமாகப் பட்டது. ஐசக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அக்சாவை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டான். குழுவின் நாற்காலிகள் எதிர்ப்பக்கம் இருந்தன. அவற்றைப் போட்டவர்கள் நிழலைத்தான் பார்த்திருந்தார்கள். "சார், தள்ளி வந்துடுங்க. அங்க காத்து அடிக்குது" என்று ஐசக் மரியாதையாகச் சொன்னான். ஆய்வுக் குழு ஒப்பந்த ஆள் சொல்லித் தள்ளி உட்காருமா? ஆதிகேசவன் கட்டைவிரலைத் தயாராக நீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார். இரண்டு தோஸ்துகளும் நீளக் கொக்கியால் எட்ட நின்றபடியே மூடியை ஒரு விரல் இடைவெளிக்கு நெம்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம் புஸ்ஸென்று கிளம்பியது.

அக்சா தொழில் பழக்கத்தில் கவனித்தாள். மூன்று பேரும் நாற்காலியில் இருந்தார்கள். மூன்று பேரும் காருக்குள் இருந்தார்கள். நடுவில் எதுவும் இல்லை. தொடக்கத்தில் தயக்கம் இல்லை, முடிவில் நிதானம் இல்லை. மிருது என்பது மருந்துக்கும் இல்லை. சால்வைகள் மட்டும் தரைக்கு ஆற அமர இறங்கின. ஐசக் கொக்கியை எடுத்து மூடியைப் பழையபடி விழவிட்டான்.

'ஆய்வு இனிதே நிறைவுற்றது' என்று அறிக்கை வந்தது. கூடவே அக்சாவின் வேலை நீக்க உத்தரவும் வந்தது. கண்ணாடிச் சட்டத்தில் முதல் தர வளைவு இன்னும் தொங்குகிறது, காலை உறுதிமொழி இன்னும் நடக்கிறது. தொழிற்சாலைக்குக் காற்று தள்ளும் மிஷின் இன்னும் வரவில்லை. தொட்டியில் இன்னும் யாரும் இறங்கவும் இல்லை. தொட்டி நிரம்புகிறதே என்று மேனேஜர் கத்துகிறார், மிஷினுக்கு எழுதிப் போட்டிருப்பதாகக் கேள்வி.

அக்சா பழைய ஸ்டூடியோவுக்கே திரும்பிவிட்டாள். பேரவையிலிருந்து அவள் கொண்டுவந்தது அந்த வளைவு ஒன்றைத்தான். அதைப் போட்டால் ரோஜா இதழ்கள் யோசித்து யோசித்து, ஆடி அசைந்து, பெயர்களின் மேல் இறங்குகின்றன. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது. இதழ் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் விழட்டும். அதைத் தூக்க யாரும் பின்னால் இறங்கப்போவதில்லை.